சொல்லும் தொண்ணூறு, எழுதும் தொண்ணூறு

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சரைப் பள்ளிக்கூடம் முழுக்க "கட்டு மிஸ்" என்றுதான் சொல்லும். கட்டுப்பாடு, கண்டிப்பு என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுகிறவர், அதனால் கட்டு மிஸ். ஒற்றைக் குச்சி என்றால் ஒன்று. ஒரு கட்டு என்றால் பத்து. பத்துக் கட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினால் நூறு. அந்தக் குச்சிகளுக்காகவே வருஷா வருஷம் பிள்ளைகள் ஐஸ் தின்று இருமித் தள்ளினார்கள். கணக்குக்காக இருமல் வாங்கிய ஒரே வகுப்பு அதுதான்.

"ஒன்றுகள் வீட்டுல ஒன்பது பேர்தான் தங்க முடியும். பத்தாவது ஆள் வந்துட்டா எல்லாரையும் சேர்த்துக் கட்டி, பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடணும்" என்பார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்களா மிஸ்?"

"வரமாட்டாங்க. அவங்களுக்கு இந்தப் பத்து பேரும் ஒரே ஆள்தான்."

இது பழைய கட்டு மிஸ். ஆறு மாதத்துக்கு முன்னால், பள்ளி திறந்த அதே வாரத்தில், அவருடைய கணவர் இறந்துபோனார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மிஸ் அழவில்லை. நாத்தனார் கையில் துண்டோடு மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், எந்த நிமிஷமும் உடைந்துவிடுவாள், துடைத்துவிடலாம் என்று. கடைசியில் அந்தத் துண்டில் நாத்தனாரே மூக்கைச் சிந்திக்கொண்டு ஊருக்குப் போனாள். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாரோ அடுத்தவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, மிஸ்ஸுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அப்படி இருந்தது. பதினாறு நாள் விடுப்பு. விண்ணப்பம்கூட அவர் எழுதவில்லை, அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதினேழாம் நாள் வகுப்புக்குள் நுழைந்து, பாடப்புத்தகத்தில் அடையாளக் கயிறு எந்தப் பக்கத்தில் கிடந்ததோ அந்தப் பக்கத்தைத் திறந்து, பாடத்தை ஆரம்பித்தார். இடையில் வந்த மாற்று டீச்சர் எதை நடத்தினார், எதை விட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. பசிக்கிறதா என்றே தன்னைக் கேட்டுக்கொள்ளத் தோன்றாத நாட்கள் அவை.

வீட்டில் மகள் ஒருத்தி. பதினைந்து வயது. படிப்புக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கணக்கு டீச்சர் பெண் கணக்கில் பெயில் என்பதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாள். அப்பா போன பிறகு அவள் ஒரு வேலையில் இறங்கினாள்: அம்மாவைத் திட்ட வைப்பது.

டீயில் சர்க்கரைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். மிஸ் முழு டம்ளரையும் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தார்.

"அம்மா, டீ எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

மறுநாள் செருப்பு ஜோடியை மாற்றி வைத்தாள். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு. மிஸ் அப்படியே பஸ் ஏறிப் போய், அப்படியே திரும்பி வந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். குளிக்காமலே வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

இந்த வருஷம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். எதை எழுதினாலும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். அதனால் சேர்ந்த இரண்டாம் நாளே அவளுக்கு "முணுமுணு" என்று பெயர் விழுந்துவிட்டது. முன்னால் படித்த பள்ளியில் எண்களை எல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பழகியவள். தமிழில் எண்களுக்கு என்ன பெயர் என்பதை இங்கே வந்துதான், காதால் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கரும்பலகையில் எழுதிப்போட்ட கூட்டல் எல்லாம் அவள் நோட்டில் சரியாக இருக்கும். வாயால் சொல்லி எழுதச் சொன்னால் கன்னாபின்னா என்று இருக்கும். மிஸ் அதை யோசிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுகிறாள் போல என்று முடிவுகட்டி, ஜன்னல் ஓரத்தில் தனி பெஞ்சில் உட்காரவைத்தார். கோபத்தில் அல்ல. கோபப்படவும் கொஞ்சம் உயிர் வேண்டுமே.

அரையாண்டு முடிந்ததும் வாய்மொழித் தேர்வு ஒன்று. டீச்சர் இரண்டு எண்களைச் சொல்வார், பிள்ளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டும். மொத்தம் இருபது. இருபதுக்குப் பத்துகூட வாங்காதவர்களை மறுபடி இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவது அந்தப் பள்ளியின் வழக்கம். தாளைத் தயாரித்தது கட்டு மிஸ்தான். ஒன்பது வருகிற எண்ணாகப் பார்த்துப் போட்டார். பத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் கணக்குக்கு ஒன்பதைவிட வசதியான ஆள் இல்லை, தொட்டாலே தாண்டிவிடும்.

முணுமுணு வாங்கியது நாலு.

தொண்ணூற்றெட்டும் ஏழும் கூட்டினால் எவ்வளவு என்பதற்கு 915 என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில் விடை நாலு இலக்கத்தில் இருந்தது. மிஸ் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். பெருக்கல் குறி போட மட்டும் கைக்கு மூளை தேவையில்லை.

முணுமுணுவின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பள்ளிக்கு எதிரே தையல் கடையில் வேலை செய்கிறவர். கழுத்தில் அளவு டேப் தொங்க, சட்டையில் நூல் துணுக்குகளோடு ஓடி வந்தார்.

"வீட்டுல நல்லாத்தான் கூட்டுறா டீச்சர். நான் தச்ச பட்டனை எல்லாம் அவதான் கணக்கு வச்சுச் சொல்லுவா."

"பேப்பர்ல வரலையே."

"ரெண்டாங்கிளாஸ்ல அவ தம்பி இருக்கான் டீச்சர். தம்பி பக்கத்துல போய் உக்காரச் சொன்னா… ராத்திரி எல்லாம் அழுதா. வேற வழி ஏதாவது இருக்கா?"

மிஸ் அந்த அம்மாவின் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது தோன்றும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். தோன்றவில்லை.

"இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் வகுப்பு என்று முடிவானது. அந்த வகுப்பு சார், "அனுப்புங்க அனுப்புங்க, நம்ம கிளாஸ்ல பெஞ்சும் சின்னது, கணக்கும் சின்னது" என்று சிரித்தார். மிஸ்ஸும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து வாயை அகட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடைத்தாள்கள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தன. மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய வேலை. மகள் எதிரே உட்கார்ந்து, சிவப்பு அதிகமாக இருந்த தாளை உருவிக் கேள்வித்தாளோடு ஒப்பிட்டாள். தன்னைவிடக் கம்மி மார்க் வாங்கிய ஆளைப் பார்ப்பது அவளுக்கு ஒரு பண்டிகை.

"யாரும்மா இந்த மேதை? இரநூத்தித் தொண்ணூத்தி ஒம்போதை ஆயிரத்தி நூத்தி ஒம்போதுன்னு எழுதியிருக்கா! எங்க செட்டுல சேத்துக்கலாமே."

"வை அதை."

"இரும்மா. நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு, ஆயிரத்தி அஞ்சாம். ஐயோ, தாங்கலையே." சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அடுத்தவரை ஏமாற்றியே பழகியவளுக்கு, ஒரு இடத்தில் ஏமாற்று வேலை நடந்திருந்தால் மூக்கில் வியர்த்துவிடும். "அம்மா, எண்ணூறுன்னா எவ்வளவு?"

"எட்டு நூறு."

"அப்ப தொண்ணூறுன்னா?"

மிஸ் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எண்ணூறு எட்டு நூறுன்னா தொண்ணூறு ஒம்போது நூறாத்தானே இருக்கணும்? பேர்லயே நூறு இருக்கே! அவ அப்படித்தான் எடுத்திருக்கா. இரநூறு, அதோட ஒரு தொள்ளாயிரம், அதோட ஒம்போது. கூட்டிப் பாரு."

மிஸ் மனதில் கூட்டினார். ஆயிரத்து நூற்று ஒன்பது.

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு என்று சொன்னதை 908 என்று எழுதியிருக்கிறாள். அதோடு ஏழு, 915. சரி. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு 1206 ஆகியிருக்கிறது. அதோடு நாற்பத்தேழு, 1253. அதுவும் சரி. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்றதற்கு 9900. தொள்ளாயிரத்தில்தான் ஆயிரம் இருக்கிறதே, பாவம், அதை ஒன்பது ஆயிரம் என்று எடுத்துக்கொண்டாள். பதினாறு தப்பு. பதினாறும் ஒன்பதின் பெயரில் இருந்த நூறையும் ஆயிரத்தையும் நம்பியதால் வந்தவை. கூட்டலில் ஒரு தப்புகூட இல்லை. இன்னும் சொல்லப்போனால், மற்றவர்கள் ஒரு தடவை கூட்டிய கணக்கை இவள் எழுதும்போது ஒரு தடவை, விடைக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை கூட்டியிருக்கிறாள், முதல் கூட்டலை உதட்டுக்குள்ளேயே.

பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். தொண்ணூறு முதல் நூறு வரை எண்ணுப் பெயர்கள், பக்கம் பதினொன்று. அன்று கயிறு கிடந்தது பதினான்கில். பதினோராம் பக்கம் வந்திருக்க வேண்டிய நாட்களில் மிஸ் வீட்டில், துண்டோடு காத்திருந்த நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள். "திட்டணும்னா திட்டேன்."

"உன்னை எதுக்குத் திட்டணும்? நாளைக்கு என்னைத்தான் திட்டுவாங்க."

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னாலேயே மிஸ் இரண்டாம் வகுப்பு வாசலில் நின்றார். முணுமுணு பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் இருந்தாள். தம்பிக்காரன் அவளிடமிருந்து ஓர் ஆள் இடம் விட்டு, அக்காவைத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். முழங்கால் பெஞ்சில் இடித்ததால் அவள் கோணலாக இருந்தாள்.

"இங்க வா."

வந்தாள். மிஸ் தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த ஒன்பது குச்சிக் கட்டுகளை வரிசையாக வைத்தார்.

"இது எவ்வளவு?"

"நைன்ட்டி."

"தமிழ்ல?"

அவள் உதடு அசைந்தது. வெளியே எதுவும் வரவில்லை. பத்து, இருபது, முப்பது என்று தொடங்கி எண்பது வரை ஓடி வந்து, அங்கே பாலம் இல்லாமல் நின்றுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இதுதான் தொண்ணூறு."

முணுமுணு கட்டுகளைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். "நூறு எங்க மிஸ்?"

"இல்ல. பேர்ல மட்டும்தான் இருக்கு. இந்த ஒன்பது இருக்கானே, அவன் ஒரு டூப்பு மாஸ்டர். ஒன்றுகள் வீட்டுல இருக்கும்போதே பேர்ல 'பது' வச்சுக்குவான், பத்து மாதிரி. பத்துகள் வீட்டுக்குப் போனா 'நூறு'ன்னு போர்டு மாட்டிக்குவான். நூறுகள் வீட்டுல இருந்துகிட்டு 'ஆயிரம்'னு சொல்லிக்குவான். எப்பவும் ஒரு வீடு மேல சொல்லித்தான் பழக்கம். நீ பேரை நம்பாதே. ஒரு வீடு கீழ இறக்கி எழுது."

"ஏன் மிஸ் அவனுக்கு மட்டும் அப்படிப் பேரு?"

"தெரியல. எனக்கும் யாரும் சொல்லல."

முணுமுணு ஒரு கட்டைக் கையில் எடுத்தாள். "அப்ப அவன்தானே பொய் சொன்னான். என்னை எதுக்கு ரெண்டாங்கிளாஸ்ல போட்டீங்க?"

மிஸ் எழுந்து பெரிய மிஸ் அறைக்குப் போனார்.

பெரிய மிஸ் என்றால் தலைமையாசிரியை. மேஜையில் மூன்று நிறப் பேனா வைத்திருப்பார், பச்சையை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். விடைத்தாளை மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, கட்டு மிஸ் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"புரியுது டீச்சர். ஆனா ஃபாரத்துல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அவங்கம்மாவும் போட்டாச்சு. இப்ப எந்த முகத்தை வச்சுகிட்டு மாத்தறது?"

"தப்பு பேப்பர்ல இல்ல மேடம், பாடத்துலதான். பதினோராம் பக்கம் நடத்தவே இல்ல."

"யார் நடத்தல?"

"நான்தான்."

"அப்ப அப்படியே எழுதிக் குடுங்க. உங்க சர்வீஸ் பதிவேட்டுல ஏறும், பரவாயில்லையா?"

"ஏறட்டும்."

வெள்ளைத்தாளும் நீலப் பேனாவும் வந்தன. மிஸ் நின்றபடியே எழுதினார். இந்த மாணவியின் தவறுக்குக் காரணம் பாடம் விடுபட்டதே. பாடம் விடுபட்டதற்குக் காரணம் ஆண்டின் தொடக்கத்தில் நான் எடுத்த பதினாறு நாள் விடுப்பும், திரும்பி வந்தபின் சரிபார்க்காமல் விட்டதும்.

பெரிய மிஸ் எட்டிப் பார்த்தார். "விடுப்புக்குக் காரணம்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. இல்லேன்னா மேல இருந்து கேப்பாங்க."

அந்த ஒரு வார்த்தையை மிஸ் இதுவரை எங்கும் எழுதியதில்லை. எல்லாத் தாளிலும் அண்ணன்தான் எழுதினார். பேனா அங்கே நின்றது. நீல மசி தாளில் ஊறி ஒரு பொட்டாகப் பெருத்தது. 'கணவர்' என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்குப் போக, எட்டு வகுப்பைத் தாண்டி நடக்கிற அளவு நேரம் ஆனது. 'இறப்பு.' இரண்டு வார்த்தை. கையெழுத்து என்னவோ எப்போதும் போல நேராகத்தான் இருந்தது.

பெரிய மிஸ் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, நானே சொல்லி எழுத வைக்கிறேன்" என்றார்.

முணுமுணு சிலேட்டோடு வந்தாள். பெரிய மிஸ் குரலைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "எழுது. எழுநூத்தி எண்பத்தி ரெண்டு."

782.

"நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு."

உதடு அசைந்தது. சாக்பீஸ் சிலேட்டைத் தொடாமல் மேலேயே நின்றது. முணுமுணு நிமிர்ந்தாள்.

"நீங்க சொல்ற தொண்ணூறா மிஸ், எழுதுற தொண்ணூறா?"

"என்னது?"

"சொல்றதுல நூறு இருக்கும். எழுதுறதுல இருக்காது. எது வேணும்?"

பெரிய மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷ சர்வீஸில் தொண்ணூறு என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், அதற்குள் ஒரு நூறு இருப்பது இப்போதுதான் காதில் விழுந்தது. "எழுதுறது" என்றார், குரல் இறங்கி.

195. அடுத்துச் சொன்னது 299. அதற்கடுத்து, சும்மா விடக்கூடாது என்று, தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்போது. முணுமுணு ஒவ்வொரு ஒன்பதாக ஒரு வீடு கீழே இறக்கி வைத்தாள். 999. பெரிய மிஸ் பச்சைப் பேனாவை எடுத்து, பழைய ஃபாரத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

மிஸ்ஸும் முணுமுணுவும் வராண்டாவில் மூன்றாம் வகுப்புக்கு நடந்தார்கள். முணுமுணு ஓடவில்லை, குதிக்கவில்லை. பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், மறுபடி யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பது போல. தையல் கடைக்கு ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும் என்று மிஸ் நினைத்துக்கொண்டார். ஜன்னலோரத் தனி பெஞ்சுக்குப் போகப்போனவளை நிறுத்தி, பழைய இடத்திலேயே, பக்கத்துப் பெண்ணோடு உட்காரச் சொன்னார்.

பிறகு கரும்பலகைக்கு முன் நின்று வகுப்பைப் பார்த்தார். ஒரு சந்தேகம். முணுமுணுவுக்கு நடத்தாத பக்கத்தை இவர்களுக்கு மட்டும் யார் நடத்தினார்கள்?

"ஒண்ணு கேக்கறேன், அடிக்கமாட்டேன். தொண்ணூறை எப்படி எழுதறதுன்னு தெரியாம, பரீட்சையில பக்கத்துல பாத்து எழுதினவங்க யாரு?"

பின் பெஞ்சில் ஒரு கை பாதி எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. முன் பெஞ்சில் முதல் ராங்க் வாங்குகிறவளின் கை, தலை சொறிகிற மாதிரி எழுந்து, அப்படியே நின்றது. மிஸ் எண்ணினார். பதினோரு கை.

"இத்தனை பேருக்குத் தெரியலையா? ஏன்டா ஒருத்தரும் எங்கிட்ட வந்து கேக்கல?"

கைகள் இறங்கின. முதல் ராங்க்காரி பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"கேட்டா நீங்க அழுதுடுவீங்கன்னு நெனச்சோம் மிஸ்."

"நான் அழவே இல்லையே."

"தெரியும் மிஸ்" என்றாள் அவள். "அதான் பயமா இருந்துச்சு."

மிஸ் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்பீஸை எடுத்து 90 என்று எழுதினார். எழுதியதற்கு மேலேயே இன்னொரு தடவை எழுதினார். "பதினோராம் பக்கம் எடுங்க" என்றார், திரும்பாமலே. பிள்ளைகள் பக்கம் திரும்பச் சற்று நேரம் ஆனது. அதுவரை வகுப்பு பதினோராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.